பெல்லைத் தூக்குவதா, கையை எடுப்பதா, எழுந்து நிற்பதா?

இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் மூன்றாவது ஹார்ன் (சுருண்ட பித்தளை ஊதுகருவி; அதன் விரிந்த முனையான பெல்லுக்குள் வலது கையை வைத்து வாசிப்போம்) வாசிக்கும் பையன் ஒருவன் தன் இசைத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் முதல் சிம்பொனி (ஆர்க்கெஸ்ட்ராவுக்கான நீண்ட இசைப்படைப்பு). ஒரு வரிக்கு மேலே பென்சில் வட்டம், அதற்குள் 'ஷால்ட்ரிஷ்டர் அவுஃப்'. கீழே அவன் கேள்வி: "பெல்லைத் தூக்கணும்னு புரியுது அண்ணா. எவ்வளவு தூக்கணும்? கை உள்ளேயே இருக்கணுமா, எடுத்துடணுமா? எங்க சார் ஒண்ணு சொல்றார், பக்கத்துல வாசிக்கிற அக்கா வேற சொல்றாங்க."

அதே வாரம் இன்னொருவர் எழுதினார். அவருக்கு ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே நடன இசை 'வசந்தச் சடங்கு', அதுவும் பாலே அரங்கின் குழிக்குள் (மேடைக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் பள்ளம்). தாளில் பிரெஞ்சில் 'பவியோன் ஆன் லேர்' என்று இருக்கிறது. பின்னால் சுவர், பக்கத்தில் ஒரு முழம்கூட இடமில்லை. "இங்கே தூக்கினால் யார் பார்க்கப்போகிறார்கள்? எதற்குத் தூக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று, இத்தாலியனில் 'கம்பானா இன் ஆரியா'. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: ஹார்னின் விரிந்த முனையை மேலே தூக்கு. எவ்வளவு தூக்குவது, கையை என்ன செய்வது என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு குழுவிலும் இந்தப் பேச்சு புதிதாகத் தொடங்கும். பதினைந்து வருடமாக, சம்பளத்துக்கு அல்லாமல் ஆசைக்காகக் கூடும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் நான்காவது ஹார்னாக உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு நாலு வழி உண்டு, நாலையும் வாசித்துப் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைச் சத்தத்தைக் கூட்டும் குறிப்பாக எடுத்துக்கொண்டால் தவறான வழியைத்தான் தேர்ந்தெடுப்போம். இது ஒலியின் திசையையும் நிறத்தையும் மாற்றச் சொல்லும் குறிப்பு.

## கை ஏன் உள்ளே போனது

ஹார்ன் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். நாகஸ்வரத்தின் முனையில் அணசு இருக்கிறதே, அதுபோல ஹார்னின் முனையில் இருப்பது பெல். ஏறக்குறைய 30 செ.மீ. அகலம். ஆனால் அணசு கேட்பவரைப் பார்க்கும். ஹார்னின் பெல் வாசிப்பவரின் வலது இடுப்போரமாகப் பின்பக்கம் பார்க்கும். அதற்குள் வலது கையை நுழைத்து வைத்திருப்போம். கேட்பவருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பின்சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. வேட்டைக்காரர்கள் குதிரைமேல் வாசித்த கருவி அது. கையை உள்ளே வைக்கும் பழக்கமே கிடையாது. 18-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் வந்தபோதும் பெல்லை மேலே தூக்கிப் பிடித்துத்தான் வாசித்தார்கள். 1750-ஐ ஒட்டி டிரெஸ்டனில் அன்டோன் ஹாம்பெல் கையை உள்ளே வைத்து ஸ்வரங்களை மாற்றும் முறையை வகுத்தார். ஒலி மென்மையானது, ஹார்ன் அறைக்குள் வாழக் கற்றுக்கொண்டது. அடுத்த நூற்றாண்டில், ஸ்வரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு வந்தபோது வலது கை ஏற்கெனவே பெல்லுக்குள் இருந்ததால், வால்வுகளை இடது கைக்குக் கொடுத்தார்கள். இன்றும் ஹார்ன் கலைஞர்கள் இடது கையால்தான் வால்வை அழுத்துகிறோம்.

பிரான்சின் வேட்டை ஹார்ன் கலைஞர்கள் இன்னும் பழைய வழியில் இருக்கிறார்கள். கச்சேரியில் அவர்கள் சபைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், பெல் சபையைப் பார்க்கட்டும் என்று. இந்தக் கலையை 2020-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மாலர் 'தூக்கு' என்று எழுதும்போது அந்தக் காட்டு ஒலியைத்தான் ஒரு நொடி உள்ளே அழைக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த நினைப்போடு வாசித்தால் எவ்வளவு தூக்குவது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஒலி போகும் திசை. தாழ்ந்த அதிர்வுகள் பெல்லில் இருந்து எல்லாப் பக்கமும் பரவும். உயர்ந்த அதிர்வுகள் டார்ச் வெளிச்சம் மாதிரி, பெல் பார்க்கும் பக்கம்தான் போகும். அதனால் பெல்லைத் திருப்பினால் மொத்தச் சத்தம் கொஞ்சம்தான் கூடும். பளபளப்பு நிறையக் கூடும். ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மூன்றாவது ஹார்ன் தோழியை மேடையில் விட்டுவிட்டு நான் பதினெட்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரே நான்கு ஸ்வரத்தை மூன்று விதமாக வாசித்தார். வழக்கப்படி வாசித்தபோது ஒலிக்கு விளிம்பே இல்லை, மேடை முழுவதிலும் இருந்து வந்தது. கை உள்ளேயே இருக்க பெல்லைத் திருப்பியபோது அறைக்கதவைத் திறந்தது மாதிரி இருந்தது, ஆனாலும் அது ஹார்ன்தான். கையை எடுத்துவிட்டு வாசித்தபோது டிரம்பெட்டின் பங்காளி மாதிரி ஒரு பித்தளை ஒலி, சுருதியும் மேலே. மூன்றையும் கைப்பேசியில் பதிந்து பார்த்தோம். அதில் வித்தியாசம் பாதிகூடத் தெரியவில்லை. எனவே அரங்கில் உட்கார்ந்து கேட்காமல் யாரும் இதை முடிவுசெய்ய வேண்டாம்.

சுருதி. பெல்லுக்குள் கை இருப்பதைக் கணக்கில் வைத்துத்தான் ஹார்னின் குழாய்களைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். கையை எடுத்தால் சுருதி ஏறும். அவரவர் கை எவ்வளவு மூடியிருந்தது என்பதைப் பொறுத்து, அரை ஸ்வரத்தில் பாதி வரைகூட.

ஸ்வரம் தவறும் அபாயம். ஹார்னில் மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். உதடு மயிரிழை பிசகினால் பக்கத்து ஸ்வரம் விழும். பெல்லில் இருக்கும் கை, உயர்ந்த அதிர்வுகளைக் கொஞ்சம் உள்ளே திருப்பிவிட்டு அந்த ஸ்வரங்களுக்குப் பிடிப்புக் கொடுக்கிறது. கையை எடுத்தால் அந்தப் பிடிப்பும் போகும். மௌத்பீஸ் உதட்டில் பொருந்தியிருக்கும் கோணம் மாறினால் அபாயம் இரட்டிப்பு.

பக்கத்தில் இருப்பவரின் காது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ம் ஆண்டு விதியின்படி, ஒரு நாள் வேலையின் சராசரி ஒலி 85 டெசிபெலை எட்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அது ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பொருந்தும். 2012-ல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் 'டி வால்க்யூர' ஓபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) ஒத்திகையில் பித்தளை வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞர் ஒருவரின் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 2018-ல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2019-ல் அவர்தான் வென்றார். பெல்லைத் திருப்பும்போது அது இப்போது யாருடைய காதைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கவும் இறக்கவும் நேரம். தூக்க எத்தனை மாத்திரை (தாளத்தின் ஓர் எண்ணிக்கை; சில மாத்திரை சேர்ந்தால் ஒரு சுற்று), இறக்க எத்தனை மாத்திரை. இறக்குவதை யாரும் எண்ணுவதில்லை. அடுத்த வரி மெதுவாக, தனியாக இருந்தால் அங்கேதான் விழுவோம்.

கண்ணுக்குத் தெரிவது. ஏழெட்டுப் பெல்கள் ஒன்றாக எழும்போது சபை நிமிர்ந்து உட்காருகிறது. கண் எதிர்பார்த்ததால் காது கூடுதலாகக் கேட்கிறது. இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க மாட்டேன். மேடையில் வாசிக்கும் இசைக்கு இதுவும் ஒரு பகுதி.

ஒரு பார்வைக்கு:

| | கை உள்ளே, பெல் திரும்பி | கை வெளியே, பெல் முழுக்க மேலே | எழுந்து நின்று | தூக்காமல் |
|---|---|---|---|---|
| நிறம் | தெளிவு, இன்னும் ஹார்ன் | பளீர், கரடு | அகலம் | ஊதுவதைப் பொறுத்து |
| சுருதி | ஏறக்குறைய மாறாது | ஏறும் | மாறாது | பலமாக ஊதினால் நகரலாம் |
| தவறும் அபாயம் | கொஞ்சம் | அதிகம் | பழகாவிட்டால் உண்டு | உதடு களைத்தால் |
| பக்கத்தவர் காது | வலப்பக்கம் கவனம் | மிகவும் கவனம் | முன்வரிசை தப்பும் | பின்வரிசைக்கு வழக்கம்போல் |
| தேவைப்படும் நேரம் | ஒன்றிரண்டு மாத்திரை | ஒரு முழுச் சுற்றாவது | பல சுற்று | இல்லை |
| கண்ணுக்கு | நன்று | மிக நன்று | ஈடில்லை | ஒன்றுமில்லை |

## வழி 1: கையை உள்ளேயே வைத்துப் பெல்லைத் திருப்புவது

சந்தேகம் என்றால் இதுதான். நான் பத்தில் எட்டு முறை இதைத்தான் செய்கிறேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல்முறை தூக்கும்போது தலையையும் சேர்த்து அண்ணாந்து பார்ப்பார்கள். தொண்டை இறுகும், மௌத்பீஸ் கீழுதட்டில் இருந்து நழுவும், ஸ்வரம் உடையும். அப்படிச் செய்யாதீர்கள். மௌத்பீஸை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்குள் சாவியைத் திருப்புவது மாதிரி முழு ஹார்னையும் அந்த அச்சில் சுற்றுங்கள். மௌத்பீஸ் இருந்த இடத்தில் இருக்கும்; பெல் மட்டும் வலது இடுப்பில் இருந்து பக்கவாட்டில் எழுந்து தோள் உயரத்துக்கு வரும். வலது கையும் அதற்குள்ளேயே சேர்ந்து வரும், வலது முழங்கை வெளியே விரியும். கண் தாளிலேயே இருக்கட்டும். இதைக் கண்ணாடி முன் நின்று பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். முதலில் சத்தமே இல்லாமல், அப்புறம் ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தோடு: ஊதிக்கொண்டே திருப்பு, ஊதிக்கொண்டே இறக்கு. ஸ்வரம் ஆடாமல் இருந்தால் கோணம் சரி.

கை உள்ளே இருக்கிறது என்றாலும் அதன் அடைப்பு மாறிவிடலாம். பெல் எழும்போது மணிக்கட்டு மடங்கும், உள்ளங்கை தானாகக் கொஞ்சம் மூடும், சுருதி இறங்கும். சிலருக்கு நேர்மாறாகக் கை திறந்துகொள்ளும். சுருதி மீட்டரை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது எடை. இரட்டை ஹார்ன் சுமார் இரண்டரைக் கிலோ. உட்கார்ந்து வாசிக்கும்போது பலர் பெல்லைத் தொடையில் சாய்த்துவிடுவார்கள். தூக்கினால் அந்த ஆதாரம் போய், எல்லாம் இடது மணிக்கட்டிலும் வலது தோளிலும் வந்து இறங்கும். ஒத்திகையில் ஒரே இடத்தை ஆறு முறை திரும்பச் செய்தால் மறுநாள் தோள் சொல்லும். ஒத்திகையில் எல்லா முறையும் தூக்க வேண்டாம் என்று இசை நடத்துநரிடம் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாவது தண்ணீர். ஒரு மணி நேரம் ஊதிய ஹார்னின் வளைவுகளில் மூச்சின் ஈரம் தேங்கி நிற்கும். ஹார்னைச் சுற்றினால் அந்த நீர் நகர்ந்து, தூக்கிய முதல் ஸ்வரத்திலேயே களகளவென்று கேட்கும். ஒரு கச்சேரியில் எனக்கு அப்படி ஆயிற்று. பன்னிரண்டு சுற்று இடைவெளி இருந்தும் நான் நீரைக் கொட்டவில்லை. தூக்கினேன், முதல் ஸ்வரம் முழுக்கக் கொப்பளித்தது. அன்றிலிருந்து என் தாளில் 'தூக்கு' என்ற குறிப்புக்கு நான்கு சுற்று முன்னால் ஒரு நீர்த்துளி வரைந்திருக்கும்.

மூன்றாவது இடம். பெல்லின் தகடு மில்லிமீட்டரில் பாதி அளவே தடிமன். ஸ்டாண்டில் ஒரு இடி இடித்தால் சொட்டை விழும். வலப்பக்கம் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடம் கேட்டு வாங்குங்கள்.

எப்போது சிறந்தது? மேல் ஸ்தாயியில் இருக்கும்போது, மரக்காற்றுக் கருவிகளோடு சுருதி சேர வேண்டியபோது, குறிப்பு வரியின் நடுவில் வந்து மூச்சு விடும் நேரம்தான் இருக்கும்போது. மாலர் ஓபோக்களுக்கும் கிளாரினெட்டுகளுக்கும்கூடப் பெல்லைத் தூக்கச் சொல்லி எழுதுவார். அவர்களிடம் கையை எடுக்கும் பேச்சே இல்லை. திசை மட்டும்தான் மாறுகிறது. ஹார்னுக்கும் அவர் முதலில் கேட்டது திசையைத்தான் என்பதற்கு இது ஒரு நல்ல தடயம்.

## வழி 2: கையை எடுத்து, முழுக்கத் தூக்குவது

கேட்கச் சிலிர்க்கும். வேட்டை ஹார்னுக்கு மிக நெருக்கமான ஒலி இதுதான். எங்கள் குழு முதன்முதலாக இதை முயன்றது ஒரு தேவாலயக் கூடத்தில். ஹார்ன் வரிசை மட்டும் தனியாக வாசித்தபோது எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அடுத்து டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்தார்கள். ஒரே கூட்டு ஒலியில் நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். இசை நடத்துநர் கையை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

காரணம் மேலே சொன்ன சுருதி ஏற்றம். அதை உதட்டால் கீழே இழுக்கலாம். ஆனால் பலமாக ஊதிக்கொண்டே இழுப்பது களைப்பு. சுருதிக் குழாயை வெளியே தள்ளி வைக்கலாம். ஆனால் கையைத் திரும்ப உள்ளே வைக்கும்போது அதையும் திரும்பத் தள்ள வேண்டும், அதற்கு நேரம் இருக்காது. சிலர் வேறு வால்வு சேர்க்கையைத் தேடிக் கொஞ்சம் தாழ்ந்த ஸ்வரத்தை எடுப்பார்கள். ஒன்றிரண்டு ஸ்வரத்துக்கு இது கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய செலவு, ஒற்றுமை. ஏழு பேரில் ஐந்து பேர் கையை எடுத்து, இரண்டு பேர் உள்ளே வைத்தால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து கேட்கும். எடுத்தால் எல்லோரும், இல்லையென்றால் யாரும் வேண்டாம். இதை முதல் ஹார்ன் முடிவுசெய்து சொல்ல வேண்டும். அவரவர் விருப்பத்துக்கு விடக் கூடாது.

ஹார்ன்கள் மட்டும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து, நடு ஸ்தாயியில், நாலைந்து சுற்றுக்கு மேல் போகாத ஓர் அறைகூவலை வாசிக்கும்போது இந்த வழிக்கு நிகர் இல்லை. முன்னும் பின்னும் தாராளமாக இடைவெளியும் இருக்க வேண்டும். 'வசந்தச் சடங்கு' இசையில் 'மூதாதையரின் சடங்கு' பகுதியில் ஹார்ன்கள் பெல்லைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெரிய மெட்டை முழங்கும் இடம் இருக்கிறதே, மேடையில் வாசிப்பதானால் அங்கே இதை முயலலாம் என்று எனக்கு ஆசை உண்டு. ஆசைதான். நல்ல சுருதி உள்ள வரிசை இருந்தால் மட்டும்.

## வழி 3: எழுந்து நிற்பது

இதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எழுதியவரே சொல்லியிருந்தால் செய்ய வேண்டும். மாலரின் முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதியில், முடிவை நோக்கிப் போகும்போது, ஹார்ன் கலைஞர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், இயன்றவரை பெரிய ஒலி கிடைக்க வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்போன்ற மெட்டு மற்ற எல்லாவற்றையும் மூடி எழும்பும் வரை ஹார்ன்களுக்கு ஆள் சேர்க்கலாம், தேவையானால் ஒரு டிரம்பெட்டும் ஒரு டிராம்போனும் துணை சேரலாம் என்றும் அங்கேயே சொல்கிறார். அச்சில் வந்த வடிவத்தில் அந்த சிம்பொனிக்கு ஏழு ஹார்ன்கள். ஏழு பேர் சேர்ந்து எழும்போது மேடையே ஒரு படி உயர்ந்தது மாதிரி இருக்கும்.

நிற்பதால் பெல் முன்வரிசைக்காரர்களின் உடம்புகளுக்கு மேலே வந்துவிடுகிறது. மூச்சும் தாராளமாக ஓடுகிறது. கை உள்ளேயே இருக்கிறது, சுருதி பிசகுவதில்லை. அதனால் இருப்பதிலேயே அபாயம் குறைவான பிரம்மாண்டம் என்று இதைச் சொல்வேன். ஆனால் உட்கார்ந்தே பழகிய உதட்டுக்கு நிற்கும்போது மௌத்பீஸ் கோணம் வேறாகத் தெரியும். வீட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு மாதம் நின்றே பழகவேண்டும். இசைத்தாள் ஸ்டாண்ட் இப்போது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் அந்தப் பக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். எழும்போது நாற்காலி தரையில் உராயும் சத்தம் இன்னொரு தொல்லை.

எழுதாத இடத்தில் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற இடங்களில் நின்றுவிட்டால் முதல் சிம்பொனியின் அந்த நிமிடத்துக்குத் தனி மதிப்பு இல்லாமல் போகிறது.

## வழி 4: தூக்காமலே அந்த நிறத்தைத் தேடுவது

பலமாக ஊதினால், நீண்ட குழாய்க்குள் போகும் அழுத்த அலை போகப்போகச் செங்குத்தாகி, வெளியே வரும்போது பித்தளைக் கரகரப்போடு வரும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'குவிவ்ரே' என்பார்கள். பெல்லைத் தூக்கினால் கிடைக்கும் பளபளப்பில் ஒரு பங்கு இதிலும் கிடைக்கும். விலை, உதடு. இன்னும் அரை மணி நேரம் வாசிக்க இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

பின்னால் மரப்பலகை வைத்து ஒலியைத் திருப்பலாம். மிக நெருங்கி வைத்தால் ஊதும்போது எதிர்த்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். அந்தப் பலகையில் பட்ட ஒலி யார் காதுக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆள் சேர்ப்பது இன்னொரு வழி. மாலரே அனுமதித்ததுதான், பணம் இருந்தால்.

## எந்த அரங்கில் எது

கச்சேரி மேடை. எழுதியபடி தூக்குங்கள், பெரும்பாலும் வழி 1. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மாலர் புடாபெஸ்ட், ஹாம்பர்க், வியன்னா என்று பல ஆண்டுகள் தன் மாலைகளை ஓபரா குழியில்தான் கழித்தார். தானே முழுக்க எழுதி வெளியிட்ட ஓபரா அவருக்கு ஒன்றுகூட இல்லை. பெல்லைத் தூக்கச் சொன்னதெல்லாம் மேடையில் வாசிக்கும் இசையில். குழியில் எது கேட்காது என்று தினமும் பார்த்த ஒருவர், மேடைக்கென்று எழுதிய குறிப்பு அது.

ஓபரா குழி. இங்கே ஆறு அளவுகோல்களுக்கு மேலே ஏழாவதாக ஒன்று சேர்கிறது: பாடுபவரின் குரல். பயிற்சி பெற்ற ஓபராக் குரல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பதற்குக் காரணம், அதில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு செறிவு இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி அந்த இடத்தில் மெலிந்திருக்கும். குரல் அந்த இடைவெளி வழியாக வெளியே வருகிறது. பெல்லைத் தூக்கினால் நாம் கூட்டுவது அந்த உயர்ந்த அதிர்வுகளைத்தான். குரல் வரும் வாசலில் போய் நாமே நின்றுகொள்கிறோம். ஆகவே யாரும் பாடாத இடையிசைகளில் மட்டும் வழி 1. பாடும்போது குறிப்பு இருந்தால் இசை நடத்துநரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜெர்மனியின் பைராய்ட்டில், வாக்னர் தன் ஓபராக்களுக்கென்று கட்டிய அரங்கில், இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1876-ல் திறந்த அந்த அரங்கில் குழியின் மேல் மூடி இருக்கிறது. படிப்படியாக மேடைக்கு அடியில் இறங்கும் குழியின் ஆழத்தில் பித்தளைக் கருவிகள். வாக்னர் ஹார்னைத் தனித்துக் கேட்கவைக்க விரும்பியபோது பெல்லைத் தூக்கச் சொல்வதைவிட ஆளையே இடம் மாற்றினார். 'டிரிஸ்டன்' ஓபராவின் இரண்டாம் அங்கத் தொடக்கத்து வேட்டை ஹார்ன்கள் ஆறும் மேடைக்கு உள்ளிருந்து கேட்கும். 'சீக்ஃப்ரீட்' நாயகனின் நீண்ட ஹார்ன் அழைப்பும் அப்படித்தான், கலைஞர் பக்கத்திரைக்குள் நின்று வாசிப்பார். ஓபரா தனக்கென்று கண்டுபிடித்த விடை இது என்று எனக்குத் தோன்றும்.

பாலே குழி. பாடுபவர் இல்லை, அதனால் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. 'வசந்தச் சடங்கு' 1913 மே 29 அன்று பாரிஸின் ஷான்ஸ் எலிசே அரங்கில், பியர் மொந்தோ நடத்த, குழியில்தான் முதலில் ஒலித்தது. எட்டு ஹார்ன்கள், அவர்களில் இருவர் இடையில் வாக்னர் டியூபா என்ற இன்னொரு பித்தளைக் கருவிக்கு மாறுவார்கள், அதன் பெல் இயல்பிலேயே மேல்நோக்கித்தான் இருக்கும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே மொந்தோ அதே இசையை நடனமின்றிப் பாரிஸில் கச்சேரியாக நடத்தினார். ஒரு வருடத்துக்குள் குழியில் இருந்து மேடைக்கு. இன்று நாம் அதிகம் கேட்பதும் மேடையில்தான். ஆனாலும் 'பெல் மேலே' என்ற குறிப்பைக் குழியில் உட்காரப்போகும் ஆட்களை நினைத்துத்தான் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதினார் என்பதைக் குழியில் வாசிக்கும் நண்பர் நினைவில் வைக்க வேண்டும்.

அவருக்கு என் பதில்: முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மேடையின் நீட்சிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தால் தூக்கிய ஒலி அந்தப் பலகையில் முட்டிக் குழிக்குள்ளேயே சுற்றும். நாற்காலியை அரை மீட்டர் முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் தூக்காமல் குவிவ்ரே. மேலே திறந்திருந்தால் கையை உள்ளேயே வைத்து, பெல்லைச் சுவரில் இருந்து விலக்கித் தோள் உயரத்துக்குத் திருப்புங்கள், அது போதும். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். மேல்மாடியில் மலிவான சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் குழிக்குள் நேராகப் பார்க்கிறார்கள். ஒலியும் அவர்களுக்குத்தான் முதலில் போகும். ஒத்திகையில் ஒருவரை அங்கே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நெரிசலான குழி என்பதால், வலப்பக்கத்தவரிடம் எந்தச் சுற்றில் தூக்குகிறேன் என்று சொல்லிவிடுங்கள், அவர் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒலிப்பதிவு. மைக் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. தூக்கிய ஒலி மைக்கில் கரடாக விழலாம். ஒருமுறை தூக்கி, ஒருமுறை தூக்காமல் எடுத்துக் கேட்டால் முடிந்தது.

## தம்பிக்கு

உன் தாளில் வரும் குறிப்புகளை வகைக்கு ஒரு நிறமாகப் பென்சிலால் குறி. 'ஷால்ட்ரிஷ்டர் அவுஃப்' என்று இருக்கும் இடமெல்லாம் வழி 1. கை உள்ளே, தலை நேரே, பெல் மட்டும் திரும்பட்டும். உங்கள் சாரும் பக்கத்து அக்காவும் வேறுவேறாகச் சொன்னால் முதல் ஹார்ன் வாசிப்பவரிடம் கேள். அவர் சொல்வதை ஏழு பேரும் செய்யுங்கள், அது என் பதிலுக்கு மாறாக இருந்தாலும். இறக்க வேண்டிய சுற்றிலும் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போடு.

கடைசிப் பகுதியில் எழச் சொல்லும் இடம் வரும். அதற்கு முன் உள்ள இடைவெளியில் நீரைக் கொட்டிவிடு. பாதங்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் பழைய துணி ஒட்டி வை. முதல் ஹார்ன் மூச்சை இழுக்கும்போது எழு, அவர் எழுந்த பிறகு எழாதே. அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் இன்றிலிருந்து வீட்டில் நின்றுகொண்டே வாசி.